விளக்கில் எண்ணெய், உதட்டில் பாட்டு

தியானப் பகுதி: மத்தேயு 25:1-13



இந்த மாதத் தியானத்தை ஒரு கேள்வியோடு தொடங்க விரும்புகிறேன். சென்ற மாதத்தின் நான்கு ஞாயிறு ஆராதனைகளிலும் உங்கள் சபையில் பாடப்பட்ட பாடல்களைச் சற்றே நினைவுகூர்ந்து பாருங்கள். அவற்றில் ஆண்டவருடைய வருகையைக் குறித்த பாடல்கள் எத்தனை? ஆசீர்வாதத்தைக் கேட்கும் பாடல்கள் பல இருந்திருக்கும். வியாதியில் சுகத்தையும், கடனில் விடுதலையையும், புதிய வீட்டையும் விசுவாசித்துப் பாடும் பாடல்கள் இருந்திருக்கும். அவற்றை நான் குறை கூறவில்லை. நம்முடைய தேவைகளை நம் பிதாவினிடத்தில் கேட்பது நமக்குரிய சிலாக்கியம். ஆனால் எக்காளம், மணவாட்டி, மறுரூபம், நடுராத்திரியின் சத்தம் என்ற சொற்கள் உங்கள் செவியில் கடைசியாக விழுந்தது எப்போது? பலருக்கு அது ஓர் அடக்க ஆராதனையிலாகத்தான் இருக்கும்.

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளிலிருந்தும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை சமவெளியிலிருந்தும் பிழைப்புக்காகக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்திருக்கிற குடும்பங்கள் இதைக் கவனமாய் வாசிக்கும்படி வேண்டுகிறேன். நீங்கள் வளர்ந்த எல்லைப்புறச் சபைகளில் ஒரு தமிழ்ப் பாடலுக்குப் பின் ஒரு மலையாளப் பாடல் எழும்புவது இயல்பான காரியம். இரண்டு மொழிகளிலும் வருகையின் பாடல்களை நீங்கள் கேட்டு வளர்ந்தீர்கள். 1920-களில் இலங்கையில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷனை நிறுவிய பாஸ்டர் பால் கேரளத்தில் பிறந்தவர். அந்த ஊழியமோ தமிழ் மக்களிடையே வேரூன்றி, வருகைக்கு ஆயத்தப்படுதலை அழுத்தமாய் உபதேசித்தது. மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நம்பிக்கையைப் பாடிய ஜனங்கள் நாம்.

அந்தப் பாடல்களை எழுதியவர்களில் இருவரைக் குறித்து இன்று சிந்திப்போம். ஒருவர் பாலக்காட்டு மண்ணில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மற்றவர் ஜெர்மனியிலிருந்து வந்து பாலக்காட்டு மண்ணில் ஊழியம் செய்தவர். இருவரும் மலையாளத்தில் எழுதினார்கள். ஒருவர் மணவாளனுக்காகக் காத்திருக்கும் பாட்டைத் தந்தார். மற்றவர் மணவாளனை நோக்கிப் பயணம் செய்யும் பாட்டைத் தந்தார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஆயத்தம்.

1. காத்திருக்கும் பாட்டு

1835-ஆம் ஆண்டில் பாலக்காட்டுப் பகுதியில் ஒரு தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் ராமையன். சமஸ்கிருதத்திலும் சங்கீதத்திலும் இளமையிலேயே தேர்ந்தவராதலால் அவரை வித்துவான் குட்டி என்று அழைத்தார்கள். அந்தக் குடும்பம் தெற்கே திருவிதாங்கூருக்குப் பெயர்ந்தது. அங்கே அவர் வேதத்தை வாசித்து, ஆண்டவரை ஏற்றுக்கொண்டு, 1861-ல் மாவேலிக்கரையில் மிஷனெரி ஜோசப் பீட் என்பவரிடத்தில் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றார். யூஸ்துஸ் யோசேப் என்பது அவருடைய புதிய நாமம். பின்பு சி.எம்.எஸ். சபையில் குருவாக அபிஷேகம் பெற்று, கருநாகப்பள்ளிக்கு அருகேயுள்ள கன்னேற்றி என்னும் ஊரில் ஊழியம் செய்தார்.

அந்த நாட்கள் எழுப்புதலின் நாட்கள். 1860-ல் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் அவர்களின் ஊழியத்தில் பற்றிய அக்கினி, 1870-களில் திருவிதாங்கூரிலும் பற்றியது. ஜனங்கள் பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள். ஆண்டவருடைய வருகை சமீபம் என்ற உணர்வு கூட்டங்களை நிரப்பிற்று. அந்தச் சூழலில் யூஸ்துஸ் யோசேப்பின் நாவிலிருந்து பாடல்கள் பிறந்தன.

அவற்றுள் ‘காந்தா’ என்ற விளிப்போடு தொடங்கும் ஒரு கீர்த்தனம், ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகும் இந்நாளிலும் மலையாளச் சபைகளில் பாடப்படுகிறது. அதன் உள்ளடக்கம் எளிமையானது. மணவாட்டி தன் மணவாளனாகிய இயேசுவை நோக்கி, வருவதற்கு ஏன் இந்தத் தாமதம் என்று கேட்கிறாள். அவ்வளவுதான். நம்முடைய சங்கீத மரபில் தலைவனுக்காக ஏங்கும் தலைவியின் குரலை அறிந்திருந்த ஒரு வித்துவான், அந்தக் குரலை உன்னதப்பாட்டின் சூலமித்தியாளுக்குக் கொடுத்து, அதைச் சபையின் வாயில் வைத்தார்.

பிரியமானவர்களே, இப்படிக் கேட்பது அவிசுவாசம் அல்ல. ஆண்டவர் வருவாரோ மாட்டாரோ என்று சந்தேகிக்கிறவன் ‘ஏன் தாமதம்’ என்று கேட்க மாட்டான். அவன் வாசலைப் பூட்டிக்கொண்டு தூங்கப் போய்விடுவான். கணவன் வளைகுடா நாட்டிலே வேலை செய்ய, தன் வீட்டில் காத்திருக்கிற மனைவியைக் கேளுங்கள். அவள் கேட்கும் ‘எப்பொழுது வருவீர்கள்’ என்ற கேள்வியில் எவ்வளவு நிச்சயம் இருக்கிறது! வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்திலே ஆவியும் மணவாட்டியும் சேர்ந்து வாரும் என்று அழைக்கிறார்கள் (வெளி. 22:17). ஆதிச் சபையார் மாரநாதா என்ற அரமேயச் சொல்லை, மொழிபெயர்க்காமலே கொரிந்துவரைக்கும் கொண்டுபோனார்கள் (1 கொரி. 16:22). காத்திருக்கும் பாட்டு சபையின் மிகப் பழமையான பாட்டு.

2. பாட்டு பிழைத்தது, தேதி பிழைக்கவில்லை

இங்கே ஓர் எச்சரிப்பைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. யூஸ்துஸ் யோசேப்பும் அவரோடிருந்தவர்களும் ஏக்கத்தோடு நின்றுவிடவில்லை. 1875-ல் அவர்கள் தனிச் சபையாகப் பிரிந்தார்கள். ஆண்டவர் 1881-ல் வருவார் என்று ஆண்டைக் குறித்து அறிவித்தார்கள். யூயோமயம் என்ற பேரால் அறியப்பட்ட அந்தக் கூட்டம் நாட்களை எண்ணிக்கொண்டே காத்திருந்தது. 1881 வந்தது, கடந்தும் போனது. ஆண்டவர் வரவில்லை. நம்பியிருந்த பலர் விலகிச் சென்றார்கள். 1887-ல் யூஸ்துஸ் யோசேப்பும் தம்முடைய ஓட்டத்தை முடித்தார்.

இது அவருக்கு மாத்திரம் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று விடியும்வரை காத்திருந்து, விடிந்தபின் அழுதார்கள். தென் கொரியாவில் 1992 அக்டோபர் 28 அன்று சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று ஒரு கூட்டத்தார் பறைசாற்றியபோது, வேலையை விட்டவர்களும் சொத்தை விற்றவர்களும் இருந்தார்கள். 2011 மே 21-ஐக் குறித்து அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்டு கேம்பிங் செய்த அறிவிப்பு நம் நாட்டுச் சாலைகளிலும் விளம்பரப் பலகையாய் நின்றது. ஒவ்வொரு முறையும் தேதி கடந்தது. ஒவ்வொரு முறையும் பலவீனமான விசுவாசிகள் இடறினார்கள். ஒவ்வொரு முறையும் உலகம் நகைத்தது.

அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறொருவரும் அறியார் என்று ஆண்டவரே திட்டமாய்ச் சொல்லியிருக்கிறார் (மத். 24:36). பரமேறுகிற வேளையிலும் சீஷர்கள் காலத்தைக் குறித்துக் கேட்டபோது, அதை அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்ற கருத்தில் பதில் சொல்லி, சாட்சிகளாய் இருக்கும்படி அவர்களை அனுப்பினார் (அப். 1:7-8). தேதியைக் கேட்டவர்களுக்கு அவர் வேலையைக் கொடுத்தார்! தெசலோனிக்கேயாவில் சிலர் ஒழுங்கற்றவர்களாய் வேலை செய்யாமல் சுற்றித் திரிந்தபோது, அமைதலோடு வேலை செய்து தங்கள் சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடும்படி பவுல் கட்டளையிட்டதையும் வாசியுங்கள் (2 தெச. 3:10-12).

ஆனாலும் இந்தச் சரித்திரத்தில் ஓர் ஆறுதல் உண்டு. யூஸ்துஸ் யோசேப் குறித்த ஆண்டை இன்று சரித்திரம் படிக்கிறவர்கள் மாத்திரமே அறிவார்கள். அவர் எழுதிய பாட்டையோ சபைகள் அறியும். தேதி மரித்தது, பாட்டு பிழைத்தது. காரணம் என்ன? தேதி, தேவன் மறைத்து வைத்ததைத் திறக்க முயன்றது. பாட்டு, தேவன் வாக்குப்பண்ணினதைப் பற்றிக்கொண்டது. ‘ஏன் தாமதம்’ என்று மணவாட்டி கேட்கலாம். அதற்குரிய பதிலைத் தானே எழுதிக்கொள்ள அவளுக்கு அதிகாரம் இல்லை. தாமதத்திற்கான காரணத்தை வேதமே சொல்லுகிறது: ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்பவேண்டும் என்று அவர் நீடிய பொறுமையாயிருக்கிறார் (2 பேதுரு 3:9). உங்கள் வீட்டில் இரட்சிக்கப்படாத மகன் ஒருவன் இருந்தால், இந்தத் தாமதம் அவனுக்காக உங்களுக்குக் கொடுக்கப்பட்ட காலம்.

ஆகையால், இந்த வருஷம், இந்த மாதம், இந்தத் தேதி என்று உங்கள் கைபேசிக்கு வரும் காணொலிகளையும் செய்திகளையும் மற்றவர்களுக்கு அனுப்பாதிருங்கள். அதை அனுப்புகிற விரல் ஆயத்தத்தை வளர்ப்பதில்லை, பயத்தை வளர்க்கிறது. அந்தத் தேதி கடந்தபின் உண்டாகும் அலட்சியத்திற்கும் அது பங்காளியாகிறது.

3. பயணம் செய்யும் பாட்டு

இரண்டாம் பாடலாசிரியர் வோல்பிரெக்ட் நாகல். 1867-ல் ஜெர்மனியில் பிறந்து, 1893-ல் பாசல் மிஷனின் ஊழியராகக் கேரளத்திற்கு வந்தவர். மாட்டுச் சந்தைக்குப் பேர்பெற்ற பாலக்காட்டு வாணியங்குளத்தில் அவர் ஊழியப் பொறுப்பில் இருந்தார். சில ஆண்டுகளுக்குள் மிஷனின் பாதுகாப்பை விட்டு, விசுவாசத்தினாலே வாழும்படி குன்னங்குளத்திற்குச் சென்று, முழுக்கு ஞானஸ்நானம் பெற்று, பிரதரன் சபையாரோடு இணைந்து ஊழியம் செய்தார். 1906-ல் திருச்சூர் நெல்லிக்குன்னில் ரெகொபோத் என்னும் அனாதை இல்லத்தைத் தொடங்கினார். மலையாளத்தைத் தாய்மொழிபோல் கற்று, அந்த மொழியிலே பாடல்களை எழுதினார்.

அவருடைய ‘சமயமாம் ரதத்தில்’ என்ற பாடலை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். ‘சமயம்’ என்றால் அங்கே காலம். காலம் என்னும் தேரில் ஏறிப் பரம தேசத்திற்குப் போகிற யாத்திரிகனின் பாட்டு அது. 1970-ல் வெளிவந்த ‘அரநாழிக நேரம்’ என்ற மலையாளத் திரைப்படத்திலும் அந்தப் பாடல் இடம் பெற்றதால், கிறிஸ்தவரல்லாதாரும் அதை அறிந்தார்கள். இன்று கேரளத்தில் சவப்பெட்டியைச் சுமந்து செல்லும் ஊர்வலங்களில் அந்தப் பாடல் ஒலிக்கக் கேட்கிறோம். அதைக் கேட்டவுடனே யாரோ மரித்துவிட்டார் என்று எண்ணும் அளவிற்கு அது அடக்கப் பாட்டாகிவிட்டது.

ஆனால் அந்தப் பாட்டின் பொருளைக் கவனித்துப் பாருங்கள். மரித்தவனுக்காக மற்றவர்கள் பாடுவதாக அது எழுதப்படவில்லை. உயிரோடிருக்கிறவன் தன்னைக் குறித்துத் தானே பாடுகிறான். காலையில் அவன் விழித்து எழும்பும்போது, நேற்றைக்காட்டிலும் இன்று தன் பயணத்தின் முடிவு சமீபித்திருக்கிறது என்று மகிழுகிறான். இரவில் அவன் தேவனுடைய கரங்களில் படுத்து உறங்குகிறான்; அப்போதும் தேரின் சக்கரம் ஓடிக்கொண்டேயிருக்கிறது. வழியிலே அவனுக்குப் பாரமான மூட்டைகள் வேண்டாம். பசிக்குக் கொஞ்சம் அப்பமும் தாகத்திற்குக் கொஞ்சம் தண்ணீரும் போதும் என்கிறான். இது காலைப் பாட்டு, அன்றாடப் பாட்டு, வேலைக்குப் போகிறவனின் பாட்டு! ரோமர் 13:11-ல் பவுல் எழுதியதும் இதுவே அல்லவா? நாம் விசுவாசிகளான நாளில் இருந்ததைக்காட்டிலும் இப்பொழுது இரட்சிப்பு சமீபமாயிருக்கிறது. ஆதலால் நித்திரையைவிட்டு எழுந்திருக்கவேண்டும்.

காலையில் பாடவேண்டிய பாட்டைக் கல்லறைக்குத் தள்ளிவைத்தோம். அடக்க ஆராதனையில் வருகையின் பாட்டைப் பாடுவது தவறல்ல. எக்காளத்தையும் மரித்தோரின் உயிர்த்தெழுதலையும் எழுதிய பவுல், அந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றே முடிக்கிறார் (1 தெச. 4:16-18). ஆனால் மரித்தவருக்கு ஆயத்தப்பட இனி நேரமில்லை. ஆயத்தப்பட நேரமுள்ளவர்கள் அந்தப் பெட்டியைச் சுமந்து செல்லுகிற நாம்தான்.

நாகல் 1914-ல் சில மாதங்களில் திரும்பிவரும் எண்ணத்தோடு ஐரோப்பாவுக்குச் சென்றார். முதலாம் உலக யுத்தம் மூண்டது. தாம் நேசித்த கேரளத்திற்குத் திரும்பிவர அவருக்கு வழி திறக்கவில்லை. 1921-ல் ஜெர்மனியிலே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பிறந்த தேசமும் ஊழியத்தின் தேசமும் இரண்டுமே அவருக்கு வழித்தங்கலாய் முடிந்தன. ஊரை விட்டு நகரத்திற்கு வந்து, இங்கேயும் வாடகை வீட்டில், அங்கேயும் பூட்டிய வீடு என்று வாழுகிற அன்பர்களே, பரம தேசத்தை நாடி அந்நியரும் பரதேசிகளுமாய் நடந்தவர்களைக் குறித்து எபிரெயர் 11:13-16-ல் எழுதியிருப்பது உங்களுக்கு மற்றவர்களைவிட நன்றாய் விளங்கும்.

4. ஜீப்புக்கு முன் எழுந்திருக்கிறவர்கள்

ஆயத்தம் என்றால் என்ன என்று அறிய, தேனி மாவட்டத்தின் போடிக்கோ கம்பத்திற்கோ ஒரு விடியற்காலையில் சென்று பாருங்கள். இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் இருட்டிலேயே எழுந்து, சமைத்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்து, தங்கள் சாப்பாட்டைத் தூக்கில் போட்டுக்கொண்டு, ஜீப் வரும் இடத்தில் நிற்பார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மலையேறிச் செல்லும் வண்டி அது. வண்டி வந்தபிறகு அரிசி களையத் தொடங்குகிற ஒருத்தியும் அங்கே இல்லை. ஒருத்திக்காக வண்டி நிற்கவும் செய்யாது. பக்கத்து வீட்டுக்காரி ஆயத்தமாய் இருந்தாள் என்பதினால் இவளுக்கு அன்றைய கூலி கிடைக்காது.

புத்தியுள்ள கன்னிகைகளுக்கும் புத்தியில்லாத கன்னிகைகளுக்கும் இருந்த வித்தியாசம் இதுதான். உவமையை மறுபடியும் கவனியுங்கள். பத்துப்பேரும் கன்னிகைகள். பத்துப்பேரிடமும் தீவட்டி இருந்தது. பத்துப்பேரும் மணவாளனை எதிர்பார்த்தே புறப்பட்டார்கள். மணவாளன் வரத் தாமதித்தபோது பத்துப்பேருமே நித்திரை மயக்கமடைந்து தூங்கினார்கள் (மத். 25:5). தூங்கினதற்காக ஆண்டவர் ஒருவரையும் தள்ளவில்லை. தூங்குவதற்கு முன்னமே ஐந்துபேரின் பாத்திரத்தில் எண்ணெய் இருந்தது. ஐந்துபேரின் பாத்திரத்தில் இல்லை.

ஆகையால் ஆயத்தம் என்பது இரவெல்லாம் பயந்து விழித்திருப்பதல்ல. உறங்கப்போகுமுன் காரியங்களைத் தேவனோடும் மனிதரோடும் சரிசெய்திருப்பது.

இதை எழுதும்போது 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மூணாறுக்கு அருகே இராஜமலையில் பெட்டிமுடி என்னும் இடத்திலே, பெருமழையில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடிற்று. எழுபதுபேர் மாண்டார்கள். அவர்களில் மிகுதியானோர் நம் தமிழ் ஜனங்கள். தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து பறித்து வாழ்ந்தவர்கள். சிலருடைய சரீரம் கடைசிவரை கிடைக்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போவதற்காகப் படுத்துறங்கிய குடும்பங்கள் அவை.

இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்தவோ, அவர்கள்மேல் நியாயத்தீர்ப்புச் சொல்லவோ ஒருவருக்கும் உரிமை இல்லை. சீலோவாமிலே கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப்பேரும் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்பதை ஆண்டவரே தெளிவாக்கினார். அதே மூச்சில் அவர் கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பும்படி அழைத்தார் (லூக். 13:4-5). துக்கமடைந்தவர்களுக்கு முன்பாக நம்முடைய வேலை அழுகிறவர்களுடனே அழுவதும், கையைத் திறந்து உதவுவதுமே. நமக்குள்ளே நாம் கேட்கவேண்டிய கேள்வியோ வேறு: இன்று இரவு நான் படுக்கும்போது, என் பாத்திரத்தில் எண்ணெய் இருக்கிறதா?

5. பாட்டைக் கடன் வாங்கலாம். எண்ணெயை வாங்க முடியாது

இப்பொழுது நம்முடைய பாடற்குழுவினருக்கும் வாலிபருக்கும் ஒரு வார்த்தை. பாட்டு என்பது கடன் வாங்கக்கூடியது. பாலக்காட்டில் பிறந்த ஒருவர் எழுதியதை நீங்கள் பெங்களூரில் பாடலாம். ஜெர்மானியர் ஒருவர் எழுதியதைத் தமிழர் பாடலாம். கண்ணீர் விட்டு எழுதியவரின் வரிகளைக் கண்ணீர் இல்லாதவரும் இனிமையாய்ப் பாட முடியும். கீபோர்டும் டிரம்சும் நன்றாய் இருந்தால் சபையாரும் கைதட்டுவார்கள். ஆனால் எண்ணெயை அப்படிக் கடன் வாங்க இயலாது. புத்தியுள்ளவர்கள் எண்ணெய் கொடுக்க மறுத்தது கஞ்சத்தனத்தினால் அல்ல. பரிசுத்த ஆவியானவரோடு ஒருவன் கொண்டிருக்கிற உறவை அவன் வேறொருவனுக்கு ஊற்றிக் கொடுக்க முடியாது. தகப்பனுடைய அபிஷேகம் மகனுக்கு எண்ணெய் ஆகாது. பாஸ்டருடைய உபவாசம் விசுவாசிக்கு எண்ணெய் ஆகாது. பாடுகிற பாடலும் பாடுகிறவருக்கு எண்ணெய் ஆகாது.

அப்படியானால் பாட்டு எதற்கு? விளக்கைத் தூண்டிவிடுவதற்கு. எபேசியர் 5:18-19-ல் ஆவியினால் நிறைந்திருப்பதும், சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் பாடுவதும் ஒன்றோடொன்று சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. எண்ணெய் உள்ள விளக்கில் திரியைத் தூண்டினால் வெளிச்சம் பெருகும். எண்ணெய் இல்லாத விளக்கில் தூண்டினால் திரி கருகிப் புகையும்.

வருகையின் பாட்டைத் தெரிந்தெடுக்கும்போது மூன்று காரியங்களைப் பாருங்கள். ஒன்று, அது மணவாளனை வாஞ்சிக்கச் செய்கிறதா, அல்லது அழிவின் காட்சிகளால் பயமுறுத்த மாத்திரம் செய்கிறதா? அவர்மேல் இந்த நம்பிக்கை வைத்திருக்கிறவன் எவனும் தன்னைச் சுத்திகரித்துக்கொள்ளுகிறான் என்று யோவான் எழுதுகிறார் (1 யோவான் 3:3). பயத்தினால் அல்ல, நம்பிக்கையினால். இரண்டு, அது பாடுகிறவனைச் சோதித்தறியச் செய்கிறதா, அல்லது மற்றவர்களெல்லாரும் கைவிடப்படுவார்கள் என்று பெருமைப்படச் செய்கிறதா? மூன்று, அதைத் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகும் வழியில் பாட முடியுமா? இந்த மூன்றிலும் நிற்கும் பாட்டு, இசை எளிமையானதாய் இருந்தாலும், சபைக்கு ஆகாரம்.

6. இந்த மாதத்தில் செய்யவேண்டியவை

இந்தத் தியானம் வாசிப்போடு முடிந்துவிடாதபடி சில எளிய காரியங்களை உங்கள் குடும்பங்களுக்கு முன்வைக்கிறேன்.

குடும்ப ஜெபத்தில் வாரத்திற்கு ஒரு வருகையின் பாடலையாவது பாடுங்கள். தமிழோ மலையாளமோ, உங்கள் தாயார் லயத்தில் பாடியதை நினைவுகூர்ந்து பாடுங்கள். நகரத்தில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு அதன் சொற்கள் விளங்காமல் இருக்கலாம். ஒவ்வொரு வரியின் பொருளையும் பொறுமையாய்ச் சொல்லிக்கொடுங்கள். ஊரிலிருந்து நீங்கள் கொண்டுவந்த சொத்துக்களில் அவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகத்தக்கது இதுவே.

பேசாமலிருக்கும் சகோதரனுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். எல்லைத் தகராறு, பங்குத் தகராறு, சீர்வரிசைத் தகராறு என்று ஊரில் விட்டுவந்த கசப்புகளை மணவாளன் வரும்வரை ஆறப்போடாதிருங்கள். வாங்கின கைமாற்றைத் திருப்பிக் கொடுங்கள். முழுத்தொகை இல்லையானால் நேரில் சென்று தவணை சொல்லுங்கள். வீட்டு வேலை செய்கிறவருக்கோ, உங்கள் கடையில் நிற்கும் பையனுக்கோ நீங்கள் நிறுத்திவைத்த கூலி இருந்தால் அதை இன்றே கொடுங்கள், அந்தக் கூலி கர்த்தருடைய செவிகளில் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார் (யாக். 5:4).

இவைகள் வருகைக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்களோ? எஜமான் வரும்போது தன் ஊழியக்காரனை வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவனாகக் காண விரும்பவில்லை. ஏற்ற வேளையிலே வீட்டாருக்குப் படி கொடுத்துக்கொண்டிருப்பவனாகவே காண விரும்புகிறார் (லூக். 12:42-43). வேலை செய்கிற கையும், எரிகிற விளக்கும், பாடுகிற உதடும் ஒரே ஆளிடத்தில் இருக்கவேண்டும். ஜெபத்திற்காக வேலையை அலட்சியம் செய்கிறவனும், வேலைக்காக ஜெபத்தை விட்டுவிடுகிறவனும் பாதி ஆயத்தமே பெற்றிருக்கிறார்கள். பாதி ஆயத்தத்திற்கு அந்த உவமையில் கதவு திறக்கப்படவில்லை.

பிரியமானவர்களே, கதவு அடைக்கப்பட்டது என்ற வார்த்தை வேதத்தின் துயரமான வார்த்தைகளில் ஒன்று. ஆனால் இன்று அந்தக் கதவு திறந்திருக்கிறது. எண்ணெய் விற்கிறவர்களைத் தேடி இருட்டில் ஓடவேண்டிய அவசியம் இன்று ஒருவருக்கும் இல்லை, பணமில்லாதவர்களையும் அழைத்து விலையின்றிக் கொடுக்கிற தேவன் அவர் (ஏசா. 55:1). பின்வாங்கிப்போன சகோதரனே, பல மாதங்களாய்ச் சபைப்பக்கம் வராத சகோதரியே, இரவு வேலை முடிந்து களைப்போடு இதை வாசிக்கிற தம்பியே, இப்பொழுதே முழங்காற்படியிடுங்கள். நாளைக் காலை விழித்தெழும்போது, நேற்றைக்காட்டிலும் இன்று ஒருநாள் வீட்டிற்குச் சமீபமாய் வந்திருக்கிறேன் என்று பாடி வேலைக்குப் புறப்படுங்கள்.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, எங்கள் பாத்திரங்களை உம்முடைய ஆவியின் எண்ணெயினால் நிரப்பும். எங்கள் வாயின் பாட்டுக்கும் எங்கள் வீட்டு நடக்கைக்கும் வித்தியாசம் இல்லாதபடி எங்களைக் காத்தருளும். துக்கத்தில் இருக்கிற மலைநாட்டுக் குடும்பங்களைத் தேற்றும். தூரமாய்ப் போன எங்கள் பிள்ளைகளைக் கதவு அடைக்கப்படுமுன் திரும்பக் கொண்டுவாரும். எங்கள் மணவாளனாகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம். ஆமென்.

மாரநாதா!